திருநாமத்துக்குப் பக்கத்து வசனம்

எங்கள் பக்கத்துப் பழைய பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சேந்தமங்கலம், ராசிபுரம் சுற்றுப்பட்டில் வாக்குச்சாவடியிலோ ரேஷன் கடையிலோ வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால், கூட வந்த பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைதான் சொல்லும். புருஷன் பெயர் பழனி என்றால், பழனிக்குப் போய்வந்ததைக்கூட ‘மலைக்குப் போய்வந்தோம்’ என்றுதான் சொல்வார்கள். அந்த வழக்கத்துக்குள் பெண்ணை அடக்கி வைத்த காலத்தின் பாரமும் இருந்தது. அது போய்விட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பெயரை நாவில் எடுக்குமுன் உடம்பு ஒரு நொடி நின்று யோசிக்கும் என்பதை நான் முதலில் பார்த்தது அந்தப் பாட்டிமாரிடம்தான்.

அப்பா பெயரும் அப்படித்தான். ஊரார் கேட்டால் சொல்வோம்; பள்ளிக்கூடத்தில் எழுதுவோம்; அவரை அந்தப் பெயரால் கூப்பிட மாட்டோம். கூப்பிடுவதற்கு ‘அப்பா’ என்ற உறவு இருக்கிறது. இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் இந்த முறையில்தான் தொடங்குகிறது. முதலில் பிதாவே என்று கூப்பிடச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, உம்முடைய பெயர் தூயதாக விளங்கட்டும் என்று கேட்கச் சொல்கிறார். இவ்வளவு நெருக்கமும் இவ்வளவு பயபக்தியும் ஒரே வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்று கேட்டுப் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதில் முரண் தெரிவதில்லை. மடியில் ஏறி உட்காரும் பிள்ளைதான் அப்பா பெயரை வாயில் எடுக்கத் தயங்குகிறது.

*

யூதர்கள் தேவனுடைய நாலெழுத்துப் பெயரை வாசிப்பதில்லை. வேத ஏட்டில் அது வரும் இடத்தில் ‘அதோனாய்’ என்று வேறு சொல்லைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எருசலேம் தேவாலயம் நின்ற நாட்களில், ஆண்டுக்கு ஒரு முறை பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் அதை உச்சரித்தார் என்றும், கேட்ட ஜனங்கள் முகங்குப்புற விழுந்து பணிந்தார்கள் என்றும் யூதர்களின் பழைய நூலான மிஷ்னா சொல்கிறது. 2008-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் உலகெங்கும் உள்ள ஆயர் பேரவைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வழிபாட்டிலும் பாடல்களிலும் அந்தப் பெயரை நேராக ஒலிக்க வேண்டாம், ஆண்டவர் என்றே சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். பழைய யூத மரபையும் ஆதித் திருச்சபையின் வழக்கத்தையும் அது காரணமாகக் காட்டியது.

அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலி நடக்கும்போது, பின்வரிசை மூதாட்டிகள் சிலர் இயேசுவின் பெயர் வரும் இடத்திலெல்லாம் தலையைச் சற்றுத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன். 1274-இல் லியோனில் கூடிய பொதுச்சங்கம் அந்தப் பெயர் கேட்டால் தலைவணங்கச் சொன்னது. பதிமூன்றாம் நூற்றாண்டில் அங்கே எழுதிய ஒரு வரி, சேலத்தில் வாசிக்கத் தெரியாத ஒரு கிழவியின் கழுத்தில் இன்றும் இருக்கிறது. எங்கள் சீர்திருத்தச் சபைகளில் அந்த வணக்கம் இல்லை. இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். வாய் மறந்தாலும் கழுத்து மறக்காது.

*

இந்தச் சமவெளிக்குத் திருநாமம் வந்த கதையை எழுதி வைக்க வேண்டும்.

கிறிஸ்தவக் குரு ராபர்ட் தெ நோபிலி 1623-இல் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். அங்கிருந்து சேலம். அங்கே ஆட்சியை இழந்து வாழ்ந்துகொண்டிருந்தார் திருமங்கல நாயக்கர். ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன். தெ நோபிலியிடம் கேட்டுக் கேட்டு 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். காவி உடுத்து, ஒரு வேளை உணவு உண்டு, ‘சருவேசுரன்’ என்று இறைவனைச் சொல்லிக்கொடுத்த அந்த இத்தாலியர் தமிழில் ‘ஞானோபதேசம்’ எழுதியவர். இன்று சேந்தமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாலு நூற்றாண்டாகிறது.

அந்த வருகையை நினைக்கும்போது சந்தோஷமும் பாரமும் சேர்ந்தே வருகின்றன. மதுரையில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரதவரிடமிருந்து தெ நோபிலி விலகியே வாழ்ந்தார். மேல்சாதியார் காதில் ஒரு சொல் விழ வேண்டுமென்றால் அப்படித்தான் வாழ வேண்டும் என்று அவர் நம்பினார். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை; காட்டு வழியில் நடந்த அந்தக் கால்களை மதிக்கிறேன். ஆனால் திருநாமம் எங்கள் ஊருக்குள் நுழையும்போதே தீட்டையும் கூட்டிக்கொண்டு நுழைந்தது. அந்தத் தீட்டு இன்னும் வெளியேறவில்லை. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சிலுவை, அதே பெயர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிது. சுவர் இடிவது அதைவிடப் பெரிது.

எசேக்கியேல் 36-ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் தேவன் சொல்லும் குற்றச்சாட்டு விசித்திரமானது. போன இடத்திலெல்லாம் என் பெயரைக் கெடுத்தீர்கள் என்கிறார். அவர்கள் யாரும் அந்தப் பெயரைத் தூஷித்ததாக அங்கே எழுதப்படவில்லை. அவர்கள் வாழ்ந்த லட்சணத்தைப் பார்த்து, இவர்களா அவருடைய ஜனம் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அது போதுமானதாக இருந்தது.

*

கொல்லிமலைக்கு இப்போது காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போகிறது. மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலின் பிராண்டும் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறிய காலத்தில் சாலை கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். முடியாதவர்களை ஆள்வைத்துத் தூக்கிப் போக வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ராத்தங்க மாட்டார்கள். மலையில் அறப்பளீஸ்வரரை வணங்கி, தங்கள் மண்ணில் தங்கள் முறையோடு வாழ்ந்த மக்கள். அவர்களுக்கு இந்தப் புதிய பெயர் எதற்கு என்று தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆண்டுக்கணக்கில் யாரும் செவிகொடுக்கவில்லை. ஜெஸ்ஸி வைத்தியம் பார்த்தார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பள்ளி நடத்தினார். ஊர்ப் பூசாரி ஒருவர் அவர்களை எதிர்த்தே நின்றார்.

1918-இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீடுகளில் படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து நடப்பவர்கள் இல்லை. ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பூசாரியும் விழுந்தார். அவரிடமும் போனார்கள். சாகுமுன் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து அந்தப் பெண்ணை வளர்த்தார்கள்.

அந்த மனிதர் என்ன யோசித்திருப்பார் என்று பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். ஜெஸ்ஸியின் பிரசங்கத்தை அவர் நிறையக் கேட்டிருப்பார். அது அவரை அசைக்கவில்லை. தன் தெய்வத்தைவிட்டு வரவேண்டும் என்ற கட்டாயமும் அந்தக் கடைசி நேரத்தில் அவருக்கு இல்லை. அவர் தீர்மானித்தது ஒன்றுதான்: இந்தப் பெயரைச் சொல்கிற இவர்கள் கையில் என் பிள்ளை சாகாது. திருநாமத்துக்குக் கொல்லிமலையில் கிடைத்த முதல் கனம் அதுவென்று நினைக்கிறேன். அதைக் கொடுத்தவர் அதை வாயால் உச்சரித்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலிலேயே இறந்தார். எவலின் போகவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்குத் திரும்பினார். எழுபது வயதுக்குமேல் குதிரை மட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974-இல் 95 வயதில் கண்மூடும்வரை மலை மக்களோடுதான் இருந்தார். அவர் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசெய்து நிமிர்த்தியவர். மலையில் வளர்ந்த பிள்ளை.

*

நாமக்கல் லாரிகளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சாலையோரம் நிற்கலாம். இந்த ஊர் லாரிக்குப் பெயர் போனது. பாடி கட்டும் பட்டறைகளில் பெயின்ட் காய்வதற்குள் முதலில் எழுதப்படுவது தெய்வத்தின் பெயர். முருகன் துணை, அங்காளம்மன் துணை, பிஸ்மில்லா, இயேசுவே துணை. கேஸ் டேங்கர், ரிக் வண்டி, முட்டை லோடு எல்லாம் ஏதோ ஒரு திருநாமத்தை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

இது திருநாமத்தை வீணாய் வழங்குவதா? சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்குகிறவன் யாரையாவது துணைக்கு அழைக்காமல் எப்படி இறங்குவான்? ஆனால் அந்த எழுத்துக்கு ஒரு விலை உண்டு. இயேசுவே துணை என்று எழுதிய வண்டி ஒரு சைக்கிள்காரனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனால், அவன் புழுதியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும்போது பின்பக்கத்திலும் அதே பெயர்தான் தெரியும்.

*

சத்தமாகச் சொல்வது பயபக்தி ஆகாது என்பவர்களிடமும் நான் உடன்படவில்லை. எங்கள் பக்கத்துப் பெந்தெகொஸ்தே ஜெபவீட்டில் ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று அடுக்கடுக்காய்ச் சொல்வது தெருமுனை வரை கேட்கும். நாள் முழுக்கக் களையெடுத்து, மேஸ்திரியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தன் சத்தத்தைத் திறக்க இடம் கிடைப்பது அங்கேதான். எரிகோ வழியில் பர்திமேயு கூப்பிட்டபோது, பேசாதிரு என்று அதட்டினவர்கள் எல்லாரும் பக்தியுள்ள கூட்டத்தில் வந்தவர்கள். அவன் இன்னும் அதிகமாய்க் கூப்பிட்டான். இயேசு நின்றார் என்று மாற்கு எழுதுகிறார்.

சேலம் அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார் வாயில் ‘ஏசப்பா, ஏசப்பா’ என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒருத்தி ‘மாரியாத்தா’ என்பாள். அந்தப் பெண்கள் சிலுவைக்குறி போட்டார்களா, தலையில் முக்காடு இருந்ததா என்று நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெயரைவிட அவர்களிடம் வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லாதவர்கள் சொல்லும்போது அது வீணாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் எது வீண்?

*

மரவள்ளி சீசனில் சேகோ ஆலை எடைமேடையில் நின்று கேட்க வேண்டும். கிழங்குக்கு விலை டன் கணக்கில் மட்டும் கிடையாது. மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்து அதற்குத்தான் காசு. மண்ணுக்கும் வேருக்கும் கழிவு பிடிப்பார்கள். பாயிண்ட் ஒன்று குறைந்தால் பத்து மாதம் தண்ணீர் கட்டிய குடும்பத்தின் கணக்கு கீழே போய்விடும். அங்கே சத்தியங்கள் தாராளமாய்ப் புழங்கும். சாமி சத்தியமா, எம்புள்ள மேல சத்தியமா, கர்த்தர் சாட்சியா. கொலுசுப் பட்டறைகளிலும் அப்படியே: வெள்ளியின் ‘டச்’ எவ்வளவு என்று கேட்டால் பதிலோடு ஒரு தெய்வப் பெயரும் சேர்ந்து வரும்.

சத்தியமே பண்ண வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னார். யாக்கோபும் அதையே எழுதினார். அதனால்தான் குவேக்கர்கள், மென்னோனைட்டுகள் நீதிமன்றத்தில் ஆணையிட மறுத்துச் சிறைக்கும் போனார்கள். நம் நாட்டின் 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டமும் கடவுள் பெயரால் ஆணையிடவோ, பெயரில்லாமல் உளமார உறுதி கூறவோ இடம் தருகிறது. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவர் பெயரை இழுத்துத்தான் என் சொல் நிற்க வேண்டுமென்றால், அவர் பெயர் இல்லாத நேரத்தில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு?

பத்துக் கட்டளையில், தேவனுடைய பெயரை வீணாய் வழங்காதே என்ற கட்டளையைக் கத்தோலிக்கப் பிள்ளை இரண்டாவது என்று எண்ணும், எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளை மூன்றாவது என்று எண்ணும். எண் எதுவானாலும், கட்டளை மட்டும் தனியாக நின்றால் அதை நாக்கோடு முடித்துவிடலாம். லேவியராகமம் 19 அப்படி முடிக்க விடாது. 12-ஆம் வசனத்தில், என் பெயரைச் சொல்லிப் பொய்யாணை இடாதே என்று வருகிறது. அதற்கு அடுத்த வசனம் கூலியைப் பற்றியது. நாள்கூலிக்காரனுடைய சம்பளம் விடியும்வரை உன் கையில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளிகூட இல்லை.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் வாரக்கூலிதான். சனிக்கிழமை சாயங்காலம் தறிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தோடு நிற்பார்கள். முன்பணம் வாங்கியவர்களுக்குப் பிடித்தம் போக மிச்சம். சரக்கு ஓடவில்லை, பில் வரவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லும் முதலாளிகளும் உண்டு. அவர்களில் சிலர் மறுநாள் காலை ஆராதனையில் முன்வரிசையில் இருப்பார்கள். திருநாமம் அன்றைக்குப் பத்துத் தடவையாவது அவர்கள் வாயில் வரும். அந்தப் பத்துத் தடவையும் கூலிக்காரன் வீட்டுத் திண்ணையில் கேட்கிறது. எசேக்கியேல் சொன்ன அக்கம்பக்கத்தார் அவன்தான்.

அந்த ஒரே அதிகாரத்தில் 37 வசனங்கள். நான் கர்த்தர் என்ற சொல் பதினைந்து இடத்தில் கட்டளைகளுக்குக் கீழே கையெழுத்துப்போல் வந்து விழுகிறது. வயலின் ஓரத்துக் கதிரை எளியவனுக்கு விட்டுவிடு: நான் கர்த்தர். செவிடனைத் திட்டாதே, குருடன் முன் தடுக்கல் வைக்காதே: நான் கர்த்தர். நரைத்தவர் முன் எழுந்து நில்: நான் கர்த்தர். தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும்: நான் கர்த்தர். உன் நாட்டில் தங்கும் அந்நியனை உள்ளூரான்போல் நடத்து: நான் கர்த்தர். பெயரை உயரத்தில் வைத்துப் பூட்டிவிடாமல், களத்துமேட்டிலும் எடைமேடையிலும் கூலிக் கணக்கிலும் அவரே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அந்த இடங்களில் அதைத் தாண்டி நடந்துவிட்டுக் கோயிலில் மட்டும் குரலைத் தாழ்த்தினால் அது மரியாதை ஆகுமா?

கடைசியில் சொன்ன அந்நியனைப் பற்றித்தான் இப்போது அதிகம் யோசிக்கிறேன். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் ரிக் வண்டிகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். எல்லாரையும் ‘இந்திக்காரன்’ என்று ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். தேவனுடைய பெயரைப் பார்த்துப் பார்த்துச் சொல்லும் வீட்டில், வேலைக்கு வந்தவனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஜார்கண்டுப் பையன்களில் சிலர் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்கிறார்கள். பாட்டு மெட்டு தெரிந்தால் வார்த்தையில்லாமல் கூடவே பாடுகிறார்கள். இயேசுவின் பெயர் மட்டும் அவர்கள் வாயில் தெளிவாகக் கேட்கிறது.

இந்த 19-ஆம் அதிகாரத்தை ஒரு ஞாயிறு ஆராதனையில் முழுதாக வாசிக்க வேண்டும் என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். நீளம்தான், ஆனாலும் வாசிக்கலாம் என்றார். பாட ஒழுங்கில் இல்லாததால் பிரசங்க நேரத்தைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். வருகிற வாரம் வாசிப்பு என் முறை. 33, 34-ஆம் வசனங்களை மட்டும் இந்தியிலும் ஒருமுறை வாசிக்க முடியுமா என்று கோழிப்பண்ணைப் பையன் ஒருவனைக் கேட்டிருக்கிறேன். செல்போனில் வேதாகமம் வைத்திருக்கிறான். அந்த இடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘சரிங்கண்ணா, ஆனா பண்ணையில காலையில தீவனம் போடணும், ஒம்பது மணிக்குத்தான் விடுவாங்க’ என்றான். ஆராதனை எட்டரைக்கு. பண்ணைக்காரர் எங்கள் சபைக்காரர்தான். அவரிடம் சனிக்கிழமையே போய்ப் பேச வேண்டும்.